நமீபியாவில் கூடாரப் பயணம்: இரவு எங்கே படுக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. வரும் ஆகஸ்டில் நீங்கள், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள் மூவரும் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நமீபியா போக நினைக்கிறீர்கள். லாரியில் வழிகாட்டியோடு போய்க் கூடாரத்தில் தங்கும் பத்து நாள் பயணம் ஒன்று கைவசம் இருக்கிறது. அதே ஊர்களை விடுதிகளில் தங்கிப் பார்க்க ஏறக்குறைய இரு மடங்கு செலவாகும். ஐம்பதைத் தாண்டிய உடம்பு கூடாரத்தைத் தாங்குமா? சிங்கம் உலாவும் காட்டில் துணியை நம்பிப் படுக்கலாமா? மனைவி சைவம், சாப்பாட்டுக்கு வழி உண்டா?

மூன்றுக்கும் ஆம் என்றுதான் சொல்வேன். நான் அந்த நாட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். இரண்டு முறை இதே மாதிரிக் கூடாரக் குழுவோடு, ஒருமுறை நண்பர்களோடு சேர்ந்து வண்டி வாடகைக்கு எடுத்து. அந்த அனுபவத்தில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நிறுவனம் அனுப்பும் திட்டத்தில் ‘பார்க்கும் இடங்கள்’ என்று வண்ணப் படங்களோடு ஒரு பட்டியல் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு இரவும் எந்த முகாமில் படுக்கிறோம் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பயணம் நல்லதா சுமாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

எப்படி என்று சொல்ல செஸ்ரியத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். தலைநகர் விண்ட்ஹுக்கிலிருந்து கிளம்பினால் முதல் பெரிய நிறுத்தம் பெரும்பாலும் அதுதான். நமீப் பாலைவனத்தின் புகழ்பெற்ற சிவப்பு மணல் மலைகள், அவற்றுக்கு நடுவே சோசஸ்ஃப்ளை, டெட்ஃப்ளை என்ற வெள்ளைக் களிமண் தரைகள் எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான். இங்கே வெளி வாசல், உள் வாசல் என்று இரண்டு உண்டு. வெளி வாசல் சூரியன் உதிக்கும்போதுதான் திறக்கும். அரசு முகாம் இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே தங்கியவர்களுக்கு மட்டும் உள் வாசலைச் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுவார்கள். வாசலிலிருந்து மணல் மலைகளின் கடைசி வரை 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தின் மதிப்பு புரியும்.

முதல் தடவை எங்களைக் கூட்டிப்போன நிறுவனம் காசை மிச்சம் பிடிக்க வாசலுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி ஒரு முகாமில் தங்கவைத்தது. விடியலில் வெளி வாசலில் வண்டிகள் வரிசை. உள்ளே போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. மணல் வெளிறிக் கிடந்தது, நிழலே இல்லை. இரண்டாவது முறை உள்ளே தங்கினோம். இருட்டிலேயே கிளம்பி, வாசலிலிருந்து 45வது கிலோமீட்டரில் இருப்பதால் ‘டியூன் 45’ என்றே பெயர் பெற்ற மணல் மலையின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். கிழக்கே வெளிச்சம் வந்ததும் ஒரு பக்கம் செங்கல் நிறத்தில் எரிய, மறு பக்கம் கரிக்கட்டை மாதிரி இருண்டு கிடந்தது. நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு. இருபது நிமிடம்தான். அப்புறம் அதுவும் சாதாரண மணல் மேடு. அதே இடம்தான். முதல் தடவை இதைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு புதிதாக இருக்காது. இரண்டு இடத்திலும் மணல் துகளின் மேல் படிந்த இரும்புத் துருதான் காரணம். ஆனால் நமீபில் அந்த மணல் வந்த பாதை வேறு. தெற்கே ஆரஞ்சு ஆறு கடலுக்குக் கொண்டுவந்து கொட்டிய மணலை நீரோட்டமும் அலையும் கரையோரமாகவே வடக்கே தள்ளிக்கொண்டு வர, காற்று அதை உள்நாட்டுக்குள் வாரி இறைத்திருக்கிறது. கடலோரத்தில் வெளிர் மஞ்சளாக இருக்கும் மணல் உள்ளே வரவரச் சிவக்கும். துருப்பிடிக்க அதற்கு அவ்வளவு காலம் கிடைத்திருக்கிறது. 2013இல் இந்த மணல் கடலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நம் பாலைத் திணை மழை பொய்த்து வறண்ட காடு. மழை வந்தால் மறுபடி முல்லையாகிவிடும். இது பிறவிப் பாலை. உலகிலேயே மிகப் பழைய பாலைவனம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

டெட்ஃப்ளைக்குக் கடைசி ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி மட்டும்தான் போகும். பெரிய லாரி தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும், அங்கிருந்து வேறு வண்டியில் மாற்றிக் கூட்டிப்போவார்கள். இந்தக் கட்டணம் உங்கள் தொகையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். சில இடங்களில் அங்கே போனபிறகுதான் சொல்வார்கள். இறங்கி ஒரு கிலோமீட்டர் மணலில் நடந்தால், சுண்ணாம்பு பூசிய முற்றம் போல வெள்ளைக் களிமண் தரை. அதில் கருகிய மாதிரி நிற்கும் மரங்கள். ஒரு காலத்தில் சௌசாப் என்ற ஆறு அங்கே வரை வந்திருக்கிறது. மணல் மலைகள் நகர்ந்து ஆற்றை மறித்துவிட, மரங்கள் செத்துவிட்டன. அது நடந்து 600, 700 ஆண்டுகள் ஆகின்றன. மட்கிப் போகக்கூட ஈரம் வேண்டும் அல்லவா? அது இல்லாததால் அப்படியே நிற்கின்றன. தயவுசெய்து தொட வேண்டாம், சாய்ந்து படம் எடுக்க வேண்டாம். பக்கத்தில் ‘பிக் டாடி’ என்ற 300 மீட்டருக்கு மேல் உயரமான மணல் மலை இருக்கிறது. மகள் ஏறட்டும். நீங்கள் இருவரும் கீழே உட்கார்ந்து, அவள் சரிவில் ஓடி இறங்குவதைப் பாருங்கள். ஏற ஒன்றரை மணி நேரம், இறங்கப் பத்து நிமிடம். எனக்கு முழங்கால் வலி வந்தது ஏறியபோது இல்லை, இறங்கியபோதுதான்.

சரி, கூடார வாழ்க்கைக்கு வருகிறேன். பெரும்பாலான குழுக்களில் லாரியை மாற்றியமைத்த ஒரு வாகனம், பத்துப் பன்னிரண்டு பேர், வழிகாட்டி ஒருவர், சமையலுக்கோ வண்டி ஓட்டவோ இன்னொருவர். இரண்டு பேருக்கு ஒரு கூடாரம். கனத்த கேன்வாஸ் துணி, உள்ளே கொசுவலை ஜன்னல், தரையில் போட மெத்தை. அதை நீங்களேதான் கட்ட வேண்டும், காலையில் நீங்களேதான் மடிக்க வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் போராடுவீர்கள், மூன்றாம் நாள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். குனிந்து தவழ்ந்து உள்ளே போக முடிகிறதா, தரையிலிருந்து பிடிமானம் இல்லாமல் எழ முடிகிறதா என்று வீட்டில் ஒரு வாரம் பாயில் படுத்துப் பாருங்கள். வயதைவிட இதுதான் முக்கியம். என் இரண்டாவது குழுவில் எழுபது தாண்டிய ஒரு ஜெர்மன் பாட்டிதான் தினமும் முதலில் கூடாரத்தை மடித்து முடித்தவர். முப்பது வயது ஆள் ஒருவர்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்.

காய்கறி நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முறை வைத்துச் செய்வார்கள். கழுவிய தட்டைத் துணியால் துடைக்க விடமாட்டார்கள். ஈரத் துணி வழியே ஒருவர் வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் பரவிவிடும் என்பதால், இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக் காற்றில் வீசி வீசி உலர்த்த வேண்டும். சாப்பாடு முடிந்ததும் பத்துப் பேர் வட்டமாக நின்று கொக்கு சிறகடிக்கிற மாதிரி தட்டை ஆட்டுவது பார்க்கத் தமாஷாக இருக்கும். கூச்சம் அந்த இடத்திலேயே போய்விடும்.

குளியலறை, கழிவறை பற்றி மனைவி கேட்கத் தயங்கியிருப்பார், நானே சொல்லிவிடுகிறேன். முகாம்களில் பொதுக் கழிவறையும் குளியலறையும் உண்டு, பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஒதுக்குப்புற முகாம்களில் விறகு எரித்து வெந்நீர் காய்ச்சும் இரும்பு டிரம் ஒன்று இருக்கும், அதை ‘டாங்கி’ என்பார்கள். அந்தக் காலத்து வீட்டுப் பின்கட்டு பாய்லர்தான். மாலையில் முதலில் போகிறவர்களுக்கு வெந்நீர், கடைசியில் போகிறவர்களுக்கு நடுக்கம். சிக்கல் பகலில்தான். ஆறு மணி நேரப் பயணத்தில் நடுவே எதுவும் இருக்காது. ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத சமவெளியில் வண்டியை நிறுத்தி, ‘பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம்’ என்று வழிகாட்டி அறிவிப்பார். எல்லோரும் பழகிவிடுகிறார்கள். காகிதத்தை அங்கே போடாமல் திரும்பக் கொண்டுவர ஒரு சிறு பை வைத்துக்கொள்ளுங்கள். மட்காத மரத்தைப் பார்த்தீர்களே, காகிதமும் அப்படியேதான் கிடக்கும்.

தூரத்தைப் பற்றி யாரும் சரியாக எச்சரிப்பதில்லை. தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குப் பரப்பு, ஆனால் நாடு முழுவதும் சேர்த்து 30 லட்சம் பேர்தான். பத்து நாளில் 2,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டியிருக்கும், அதில் பெரும் பங்கு சரளைச் சாலை. வாகனங்கள் ஓடி ஓடி அந்தச் சாலை துணி துவைக்கும் கல்லில் கொத்திய வரி மாதிரி அலை அலையாகிவிடும். ‘ஆப்பிரிக்க மசாஜ், உங்களுக்கு இலவசம்’ என்று ஒவ்வொரு வழிகாட்டியும் அதே நகைச்சுவையைச் சொல்வார். முதுகுத் தண்டில் தொந்தரவு இருந்தால் யோசிக்க வேண்டியது இதைத்தான். கூடாரத் தரையை இல்லை. விடுதிப் பயணம் எடுத்தாலும் இதே சாலைதானே. லாரியில் பின் சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கைகளைத் தவிர்த்து, முன்பக்கம் உட்காருங்கள்.

சொந்தமாக ஓட்டிப்போகலாமே என்று சிலர் சொல்வார்கள். நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுதான். ஆனால் சரளையில் வேகமாகத் திருப்பினால் வண்டி உருண்டுவிடும். அங்கே வெளிநாட்டுப் பயணிகள் விபத்தில் சிக்குவது பெரும்பாலும் இப்படித்தான், எதிரே வண்டி வந்து இல்லை. நாங்கள் போனபோது எட்டு நாளில் மூன்று பஞ்சர். மூன்றாவதை மாற்றும்போது ஒன்றரை மணி நேரம் ஒரு வண்டியும் கடந்து போகவில்லை. முதல் பயணத்துக்கு வழிகாட்டியோடு போவதே நிம்மதி.

செஸ்ரியத்துக்கு அப்புறம் வடமேற்கே கடற்கரைக்கு ஏறுவீர்கள். வழியில் சாலிட்டேர் என்று ஒரு பெட்ரோல் பங்க் ஊர். துருப்பிடித்த பழைய கார்கள், ஆப்பிள் பை விற்கும் பேக்கரி. எல்லா லாரியும் அங்கே நிற்கும். மகர ரேகையைக் காட்டும் பலகையும் வரும், எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள். கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டில் பெரும்பாலும் கூடாரத்துக்கு விடுமுறை, அறையில் இரண்டு இரவு. துணி துவைக்க, மருந்துக் கடை போக, வீட்டுக்குப் பேச அந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் கடற்கரையில் நின்றுகொண்டு குளிரில் நடுங்குவீர்கள். தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கடலை ஜில்லென்று வைத்திருக்கிறது. குளிர்ந்த கடல் மேகத்தை மேலே எழும்ப விடாது, மழை கிடையாது. ஆண்டுக்கு 20 மில்லிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் மூடுபனி மட்டும் கரையேறி உள்ளே வெகுதூரம் வரும். அந்தப் பனியைக் குடித்தே பல உயிர்கள் பிழைக்கின்றன. ஒரு கறுப்பு வண்டு அதிகாலையில் மணல் மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைக் கீழே போட்டுப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் படியும் பனி உருண்டு வாய்க்கு வந்து சேரும். வெல்விட்சியா என்ற செடிக்கு ஆயுளுக்கும் இரண்டே இலை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்பவையும் உண்டு. காற்றில் அந்த இரண்டும் நார் நாராகக் கிழிந்து கிடப்பதைப் பார்த்தால், யாரோ வாழைச் சருகைக் குவித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். இந்த உயிர்களைத் தேடிக் காட்டும் அரை நாள் நடை ஒன்றை உள்ளூர் ஆட்கள் நடத்துகிறார்கள். மணலில் நான்கு சக்கர பைக் ஓட்டுவதைவிட இதற்குப் பணம் கொடுங்கள் என்பேன். மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேறு விஷயம்.

ஸ்வாகோப்முண்டின் ஜெர்மன் காலத்துக் கட்டடங்களும் கேக் கடைகளும் அழகுதான். அந்த அழகுக்கு அடியில் இருப்பதையும் தெரிந்துகொண்டு நடங்கள். 1904 முதல் 1908 வரை ஜெர்மன் காலனி ஆட்சி ஹெரேரோ, நாமா மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. எஞ்சியவர்களை அடைத்து வேலை வாங்கிய முகாம்களில் ஒன்று இதே ஊரில் இருந்தது. அது இனப்படுகொலைதான் என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 2021இல். பல குழுக்களில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஊர் விளிம்பில் பெயர்ப்பலகை இல்லாத சின்னச் சின்ன மண் மேடுகள் வரிசையாக இருக்கின்றன, அவை அந்த மக்களின் கல்லறைகள். வழிகாட்டியிடம் கேட்டால் கூட்டிப்போவார்.

அடுத்து வரும் ஸ்பிட்ஸ்கோப்பெ, டமாராலேண்ட் இரவுகள்தான் எனக்கு மிகப் பிடித்தவை. திட்டத்தில் இந்தப் பகுதியில் இரண்டு இரவாவது இருக்க வேண்டும். ஸ்பிட்ஸ்கோப்பெ வெட்டவெளியில் முளைத்த கருங்கல் மலை, 1,728 மீட்டர். அதன் காலடியில் பாறை இடுக்குகளில் ஆளுக்கொரு மூலையாக முகாம். பக்கத்துக் குழுவின் விளக்கொளிகூடத் தெரியாது. அங்கே பலர் கூடாரமே கட்டாமல் பாறை மேல் மெத்தையைப் போட்டுப் படுத்துவிடுவார்கள். நீங்களும் அப்படியே படுங்கள். ஆகஸ்ட் மாதத்து முன்னிரவில் விருச்சிகம் நேர் உச்சியில் நிற்கும். நம் ஊரில் தெற்கே சரிந்து தெரியும் கேட்டை நட்சத்திரம் அங்கே தலைக்கு மேல் சிவந்திருக்கும். பால்வெளி வெளிச்சத்திலேயே பக்கத்தில் படுத்திருப்பவர் முகம் லேசாகத் தெரியும்.

ட்வைஃபல்ஃபொன்டைனில் பாறையில் கொத்திய 2,000க்கும் மேற்பட்ட பழைய உருவங்கள் இருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், நீர்க்குழி எங்கே என்று காட்டும் வளையங்கள். அதில் ஒரு சிங்கத்தின் பாதத்தில் ஐந்து விரல். சிங்கத் தடத்தில் நான்குதானே பதியும், இது சிங்கமாக மாறிய மனிதன் என்று விளக்குகிறார்கள். இந்தப் பகுதியின் காய்ந்த ஆற்றுப் படுகைகளில் பாலைவன யானைகள் திரிகின்றன. தனி இனம் இல்லை, ஆப்பிரிக்க யானையேதான். வறட்சிக்குப் பழகி, தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்கப் பழகியவை. ஆற்று மணலில் துதிக்கையால் ஊற்றுத் தோண்டும். வைகையில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டவர்களுக்கு அந்தக் காட்சி பரிச்சயமாக இருக்கும்.

இங்கே முகாம்களுக்கு வேலி கிடையாது. எனவே உங்கள் பயக் கேள்விக்கு இதுதான் இடம். ஒரு இரவு யானைக் கூட்டம் ஒன்று எங்கள் கூடாரங்களுக்கு நடுவே நடந்து போனது. காலடிச் சத்தம் கேட்கவில்லை. கிளை முறியும் சத்தமும் வயிற்றுக்குள் உறுமுகிற மாதிரி ஒரு சத்தமும்தான். மூடிய கூடாரத்தை மிருகங்கள் ஒரு பாறை மாதிரி, புதர் மாதிரிதான் எடுத்துக்கொள்கின்றன. ஆபத்து வருவது மனிதன் செய்யும் தப்பினால். உள்ளே பழம், பிஸ்கட் வைத்திருப்பது, ஜிப்பைத் திறந்துபோட்டுத் தூங்குவது, நள்ளிரவில் டார்ச் அடித்துப் பார்க்காமல் கழிவறைக்கு நடப்பது. முதல் நாள் மாலை வழிகாட்டி இந்த விதிகளைச் சொல்வார். விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கென்னவோ யானையைவிடத் தேள்மேல்தான் பயம் அதிகம். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுத்தான் காலை விட வேண்டும்.

கடைசியாக எட்டோஷா தேசியப் பூங்கா. இங்கே மூன்று இரவுக்குக் குறைந்தால் அந்தத் திட்டத்தை எடுக்க வேண்டாம். மூன்றும் பூங்காவுக்கு உள்ளே இருக்க வேண்டும். பூங்கா வாசல் உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடும். வெளியே தங்கினால் காலையிலும் மாலையிலும் மிருகங்கள் நடமாடும் நல்ல நேரம் வாசலுக்கும் முகாமுக்கும் ஓடுவதிலேயே போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு இரவு. ஒகாகுவேயோ முகாமை ஒட்டி ஒரு நீர்க்குட்டை, அதற்கு விளக்கு போட்டிருக்கிறார்கள். தாழ்ந்த கல்சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சுகளில் நாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் ஒவ்வொன்றாக வரும். ஆகஸ்டில் காட்டில் வேறு தண்ணீர் இருக்காது என்பதால் வந்தே ஆக வேண்டும். நான் ஒருமுறை இரவு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியோடு வந்து குடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு கொம்பன் யானை வந்தது. காண்டாமிருகம் நகரவில்லை. இரண்டும் பத்தடி இடைவெளியில் கால் மணி நேரம் அப்படியே முறைத்துக்கொண்டு நின்றன. கடைசியில் யானைதான் சுற்றிக்கொண்டு மறுகரைக்குப் போனது. முந்நூறு பேர் தங்கும் முகாம், பெஞ்சில் இருந்தது எட்டுப் பேர். மற்றவர்கள் களைத்துத் தூங்கிவிட்டார்கள். பகலில் லாரியில் தூங்கிக்கொள்ளலாம், இரவில் இங்கே விழித்திருங்கள்.

பூங்காவின் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் 4,800 வெறும் உப்புத் தரை. 1907இல் ஜெர்மன் ஆட்சிக் காலத்தில் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. முதுமலையில் வேன் சவாரி போய் ஒரு காட்டெருமையின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கே திகைப்பாக இருக்கும். மரமில்லாத வெளி, ஒரே பார்வையில் வரிக்குதிரை நூறு, ஸ்பிரிங்பாக் மான் இருநூறு, நடுவில் ஒட்டகச்சிவிங்கி. ஓரிக்ஸ் என்ற நீண்ட கொம்பு மான் உச்சி வெயிலில் அசையாமல் நிற்கும். உடம்புச் சூடு ஏறினாலும், மூளைக்குப் போகும் ரத்தத்தை மூக்கு வழியாகக் குளிர்வித்து அனுப்பும் அமைப்பு அதற்கு உண்டு. காட்டெருது இங்கே கிடையாது, அதனால் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருது என்ற ‘பெரிய ஐந்தும் பார்க்கலாம்’ என்று எந்த நிறுவனமாவது எட்டோஷாவுக்கு விளம்பரம் செய்தால் சந்தேகப்படுங்கள். சிறுத்தை கண்ணில் படுவது அதிர்ஷ்டம். காண்டாமிருகப் படத்தைப் பகிர்ந்தால் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். கொம்புத் திருடர்களுக்கு அது வழிகாட்டிவிடும்.

2022 செப்டம்பர் 17 அன்று நம் குனோ காட்டுக்கு வந்து இறங்கிய எட்டு சிவிங்கிப்புலிகள் இந்த நாட்டிலிருந்து வந்தவைதான். உலகிலேயே அதிகச் சிவிங்கிப்புலிகள் வாழும் நாடுகளில் ஒன்று இது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பூங்காவுக்குள் இல்லை, ஆடு மாடு வளர்க்கும் பண்ணை நிலங்களில். விண்ட்ஹுக் திரும்பும் வழியில் ஒச்சிவரோங்கோ அருகே 1990இல் தொடங்கிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. ஆட்டுக்கிடைக்குக் காவல் நாய் வளர்த்துக் கொடுத்து, விவசாயிகள் சிவிங்கிப்புலியைச் சுட்டுத் தள்ளும் பழக்கத்தைக் குறைத்தவர்கள். அரை நாள் கிடைத்தால் போகலாம்.

சில திட்டங்களில் ‘ஹிம்பா கிராமம்’ என்று ஒன்று இருக்கும். செம்மண்ணும் வெண்ணெயும் குழைத்து உடம்பெல்லாம் பூசும் ஹிம்பாப் பெண்களைப் படம் எடுக்க வண்டி வண்டியாக இறங்குவது எனக்கு உவப்பாக இல்லை. போவதானால் அந்தப் பணம் ஊராருக்குப் போகிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நம் வீட்டு வாசலில் பன்னிரண்டு பேர் கேமராவோடு வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தால் மிச்சம் தானாகப் புரியும்.

சாப்பாடு. அந்த நாட்டில் சாப்பாடு என்றால் கறிதான்; மாலை ஆனால் ‘பிராய்’ என்று நெருப்பு மூட்டிக் கறி சுடுவார்கள். சைவம் என்று முன்பே எழுதிக் கொடுங்கள். கோழியும் மீனும் சாப்பிடமாட்டார் என்று தனித்தனியாக எழுதுங்கள். அப்படி எழுதாததால் என் நண்பருக்கு முதல் இரவு ‘சைவ’ தட்டில் கோழி வந்தது. ரொட்டி, பழம், பருப்பு வகை, தணலில் சுட்ட உருளைக்கிழங்கு, பூசணி என்று வயிறு நிறையும், நாக்குத்தான் செத்துப்போகும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போங்கள். மக்காச்சோள மாவில் கிண்டும் ‘பாப்’ நம் களியேதான். அதில் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் குழுவில் பாதிப் பேர் ருசி பார்க்க வருவார்கள். இன்னொரு விஷயம், வடக்கே ஒவாம்போ மக்களின் முக்கியத் தானியம் ‘மஹாங்கு’. அது நம் கம்புதான். அதில் களியும் உண்டு, புளிக்கவைத்துக் குடிக்கும் ‘ஒஷிகுண்டு’வும் உண்டு. எங்கள் சமையல்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்த மாவைக் காட்டியபோது, கம்மங்கூழ் குடித்து வளர்ந்த எனக்கு எங்கேயோ சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் சரியான மாதம். பகலில் இதமான வெயில், கொசு குறைவு, மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும். ஆனால் ஐரோப்பியர்களும் அப்போதுதான் வருவார்கள், உள் முகாம்கள் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். இரவுக் குளிரை லேசாக எண்ணாதீர்கள். பாலைவனத்தில் விடியற்காலை பூஜ்ஜியத்தை நெருங்கும் நாள்கள் உண்டு. ஊட்டிக்குப் போகும்போது எடுக்கும் ஸ்வெட்டரோடு மங்கி குல்லாவும் வேண்டும், ஸ்லீப்பிங் பேக் நிறுவனம் தருகிறதா நாம் கொண்டுபோக வேண்டுமா என்பதும் தெரிய வேண்டும். காற்றில் ஈரமே இல்லாததால் உதடும் குதிகாலும் வெடிக்கும், வாஸ்லின் டப்பா ஒன்று போதாது. நெற்றியில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று. தென்னாப்பிரிக்க ராண்ட் அங்கே ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லும். நமீபிய டாலரை வெளியே மாற்றுவது கஷ்டம், மிச்சம் வைக்காதீர்கள். எட்டோஷாப் பக்கம் மலேரியா அபாயம் மழைக்காலத்தில்தான் அதிகம் என்றாலும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக விமானம் மாறினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று பற்றி முன்பே விசாரியுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், கடைசி வாரத்தில் ஓடினால் பயனில்லை.

ஆக, நிறுவனத்துக்கு எழுதும்போது இதைக் கேளுங்கள்: செஸ்ரியத்தில் உள் முகாமா வெளி முகாமா, டமாராலேண்டில் எத்தனை இரவு, எட்டோஷாவில் மூன்று இரவும் பூங்காவுக்குள்தானா, அதில் ஒன்றாவது ஒகாகுவேயோவா. முகாம்களின் பெயரோடு பதில் வந்தால் பணம் கட்டலாம். ‘அதே தரத்தில் உள்ள வேறு முகாம்’ என்று மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். இந்த நான்கும் விடுதிப் பயணத்தில் இருந்து கூடாரப் பயணத்தில் இல்லாவிட்டால், கையைக் கடித்தாலும் விடுதிக்கே போங்கள்.

செருப்பை மட்டும் இரவில் கூடாரத்துக்கு வெளியே விடாதீர்கள். எட்டோஷாவில் குள்ளநரிகள் முகாமுக்குள்ளேயே சுற்றும். என்னுடைய இடது கால் செருப்பு அங்கேதான் போனது. மிச்ச இரண்டு நாளும் சமையல்காரரின் கம்பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தேன்.